மெத்தை விளம்பரத்துக்குப் பிறகு

டெலானிபூர்,
9.2.2025

அன்புள்ள பூங்கோதைக்கு வைஜெயந்தி எழுதுவது. இங்கே அம்மா, நான், என் வீட்டுக்காரர் எல்லோரும் சுகம். நீ சுகம் என்பதை ஊரே சொல்கிறது, தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பதிவு செய்து நிகழ்ச்சியாக்கிவிடுவாய். அதனால்தான் சென்னைக் கப்பலில் வரும் பெரியதம்பி மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே கொஞ்சம் கருவாடும் வைத்திருக்கிறேன்.

நீ புதுக் கார் வாங்கிய படம் பார்த்தேன். வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பாட்காஸ்டை முதலில் தொடங்கியவள் நான். கடலடிக் கேபிள் வந்து இங்கே தீவில் நெட் ஒழுங்கானதுமே தொடங்கினேன். எப்படிப் பேசுவது என்று என்னிடம் கேட்டுத்தான் நீ தொடங்கினாய். இன்று உனக்கு லட்சம் பேர், மாதாமாதம் விளம்பரப் பணம். எனக்கு முப்பத்தொரு பேர்.

நடுக்கடலில் நெட் கிடைக்காதே என்று, ஃபெரி ஏற ஜெட்டி வரிசையில் நிற்பவர்களுக்கு நானே என் கதைகளைப் போனிலிருந்து அனுப்பிவிடுவேன். அவர்கள் அடுத்தவருக்கு அனுப்புவார்கள். பாராடாங் ஃபெரியில் ஒரு லாரி டிரைவர் என் குரலை வைத்தே கண்டுபிடித்து, கஹானி சொல்ற தீதிதானே நீங்க என்று இந்தியும் தமிழுமாகக் கேட்டார். ஆனால் இப்படிக் கேட்பவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லையாம். நான்கு வருடம் என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கும். நீ சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஸ்ரீதர் ஒருநாள் என்னிடம், உன் குரலும் நல்ல குரல்தான், ஆனால் பூங்கோதை குரலில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றார். அன்று அவருக்குச் சோறு மட்டும்தான், குழம்பு கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் இருந்த கட்சால் தீவைப் பற்றி நீ பேசியதைக் கேட்டேன். சுனாமி அன்று ரப்பர் தோட்டத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து மேட்டுக்கு ஓடியது, ஏழு வயதுப் பிள்ளை கழன்ற செருப்பை எடுக்கத் திரும்பியது, நான் அவள் கையை விட்டது. எல்லாவற்றையும் 'நான், நான்' என்றே சொல்கிறாய். உடனே மெத்தை விளம்பரம். அது முடிந்த பிறகுதான், இது என் தோழிக்கு நடந்தது, நிவாரண முகாமில் ஒரே போர்வைக்குள் எனக்கு மட்டும் சொன்னாள் என்கிறாய். என் தங்கை இந்திராணியை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டாய் என்று சண்டை போடத்தான் பேனாவை எடுத்தேன்.

ஆனால் அம்மாவும் கேட்டாள். அம்மாவுக்கு இசை வந்தால் நிகழ்ச்சி முடிந்தது, ரேடியோ காலத்துப் பழக்கம். மெத்தை இசை வந்ததும் போனை அணைத்துவிட்டு அழுதாள். செருப்பை வைத்தே இந்திராணி என்று கண்டுகொண்டாள். அவள் எனக்குப் பின்னால் கூட்டத்தோடு வந்தாள் என்றுதான் இருபது வருடமாக அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருக்கிறேன். பூங்கோதையா கையப் புடிச்சிருந்துச்சு, பாவம், இத்தன வருசமா இத எப்படிச் சொமந்துச்சோ, அதுவும் சின்னப் புள்ளதானே, நான் ஒண்ணும் நெனைக்கலன்னு எழுது என்றாள்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தைப் போட்டுக் காட்ட ஒரு விரல் போதும். போடவில்லை. உன் காரைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, பூங்கோதை. அம்மா உன்னை மன்னித்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தினமும் மத்தியானம் அதையே திரும்பக் கேட்கிறாள், மெத்தை வரைக்கும். அந்த விளம்பரத்தை அங்கிருந்து எடுத்துவிடு. அந்தப் பணம் போகும், தெரியும். தோழி என்று சொல்லும் இடத்தில் என் பெயரைப் போடு. அம்மா தானாகவே கேட்கட்டும். நான் ஒருநாளும் சொல்லப் போவதில்லை, என் தைரியம் எனக்குத் தெரியும்.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மா தன் ஆசீர்வாதத்தை எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். அது எனக்கு வர வேண்டியது. வரும் வரைக்கும் பத்திரமாக வைத்திரு.

உன்,
வைஜெயந்தி