தரையிலிருந்து தூக்காத மகள்

ரோம்,
அக்டோபர் நடுநாளுக்கு நான்கு நாள் இருக்கையில்.

என் சல்வியுஸுக்கு வரேனா எழுதுவது.

நீங்கள் நலமாக இருந்தால் நல்லது. 'நானும் நலம்' என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

கடல் கடந்து நீங்கள் வேலை பார்க்கும் உத்திக்காவில் ஆளுநர் வீட்டு விருந்து உங்கள் வயிற்றைக் கெடுத்துவிட்டதாகப் போன கடிதத்தில் புலம்பியிருந்தீர்கள். அத்திப்பழத்தைக் குறையுங்கள். எத்தனை தடவை சொல்வது!

வெஸ்தா கோயில் கன்னியரில் மூத்தவள் போன மாதம் இறந்துவிட்டாள். தீயைக் காக்க இப்போது ஐந்து பேர்தான். ஆறாவது இடத்துக்குத் தலைமைக் குருக்கள் இருபது சிறுமிகளின் பெயரை எழுதி நகர மன்றத்தில் பலகை மாட்டிவிட்டார். பதினொன்றாவது பெயர் நம் சல்வியா. நவம்பர் நடுநாளில் சீட்டு எடுப்பார்களாம். தாயும் தகப்பனும் உயிரோடு இருக்க வேண்டும், திக்குவாய் கூடாது, காது மந்தம் கூடாது, உடம்பில் ஒரு தழும்பு கூடாது. பெற்ற பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையே என்று அழுகிற தாயை நீங்கள் பார்த்ததுண்டா? நான் அழுதேன்.

முப்பது வருஷம், சல்வியுஸ். அவளுக்கு இப்போது ஏழு வயது. வெளியே வரும்போது முப்பத்தேழு. நடுவில் கற்பின் மேல் ஒரு பழி வந்தால் உயிரோடு மண்ணுக்குள். இவளோ அடுப்புப் பக்கமே போகமாட்டாள், சூடு என்றால் பயம்.

செனட்டில் இருக்கிற என் அண்ணனிடம் ஓடினேன். சட்டமெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு பிள்ளை இருக்கிற வீட்டுப் பொண்ண விட்டுருவாங்க. உனக்கு ரெண்டுதானே இருக்கு, நான் என்ன பண்ண?" என்று கையை விரித்தார்.

உங்களுக்கும் எனக்கும் தெரியும், மூன்று பெற்றேன். பிப்ரவரியில் மூன்றாமவளைக் குளிப்பாட்டித் தரையில் கிடத்தினார்கள். குனிந்து தூக்கி உங்கள் பிள்ளை என்று காட்ட நீங்கள் ஊரில் இல்லை. உங்கள் கடிதம்தான் இருந்தது. 'ஒருத்திக்கு மாப்பிள்ளை தேடுவதற்குள்ளேயே எனக்குத் தலை நரைத்துவிடும், இதுவும் பெண்ணானால் எடுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தீர்கள். செவிலி அவளைக் காய்கறிச் சந்தையில், வேண்டாத பிள்ளைகளை விட்டுப்போகும் பால்தூணடியில் வைத்துவிட்டு வந்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அது என் குற்றம்.

பலகையைப் பார்த்த அன்றே செவிலியின் கையைப் பிடித்துக் கேட்டேன். அவள் உடனே வந்துவிடவில்லையாம், யாராவது எடுக்கிறார்களா என்று மறைந்து நின்று பார்த்தாளாம். அவள் சொன்ன அடையாளத்தை வைத்து எட்டு நாள் அலைந்தேன், அதனால்தான் கடிதம் தாமதம். கண்டுபிடித்துவிட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் தல்லூசா என்று ஒருத்தி, விடுதலை பெற்ற அடிமை, கம்பளி நூற்றுப் பிழைக்கிறாள். அவள் இடுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் நம் பெண். இரண்டு பல் முளைத்திருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். 'பிப்ரவரியில் பிறந்தவள் என் மகள், அவளை எடுத்துக்கொண்டேன்' என்று எழுதி ஏழு சாட்சி முத்திரையோடு அண்ணனுக்கு அனுப்புங்கள். மூன்று பிள்ளை ஆகிவிடும். நான் எழுதினால் செல்லாது, தகப்பன் எழுத வேண்டும். குளிர்காலத்துக்குக் கப்பல்கள் நின்று கடல் மூட ஒரு மாதம்தான் இருக்கிறது. கும்பிட்டுக் கேட்கிறேன், இதைப் படித்த உடனே எழுதுங்கள். சாப்பிட்டுவிட்டு எழுதலாம் என்று இருக்காதீர்கள்.

உங்கள்
வரேனா


உத்திக்கா,
அக்டோபர் நடுநாளுக்கு மூன்று நாள் இருக்கையில்.

சல்வியுஸ் தன் வரேனாவுக்கு.

நீ நலமென்றால் நல்லது. நான் நலம், வயிறும் நலம்!

அடிப் பாவி, நம் மகள் பெயர் பலகையில் ஏறியிருக்கிறது, எனக்கு ஒரு வரி எழுதினாயா? என் பழைய படைத்தோழன் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷத்தில் உனக்குக் கை ஓடவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் அப்பாவை உனக்குத் தெரியாது. விடிந்தும் விடியாமலும் எழுந்து, ஒரே அங்கியைத் துவைத்துத் துவைத்து உடுத்திக்கொண்டு, பெரிய மனிதர் வீட்டு வாசலில் வணக்கம் சொல்ல வரிசையில் நிற்பார். மழையிலும் நிற்பார். உள்ளே கூப்பிடாத நாட்களும் உண்டு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். அப்படி நின்ற என் அப்பாவின் பேத்தி தெருவில் வரும்போது முன்னால் கோல்காரன் நடப்பான். எதிரே நாட்டை ஆளும் கான்சலே வந்தாலும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

ஆனால் இருபதில் ஒன்று என்றால் நம்ப முடியுமா? சீட்டு வேறு யாருக்காவது விழுந்துவிட்டால்? சட்டத்தில் வழி இருக்கிறது. நல்ல குடும்பத்துத் தகப்பன் தானாக முன்வந்து மகளைக் கொடுத்தால் சீட்டே வேண்டாம், செனட் ஏற்றுக்கொள்ளும். ஆகவே நான் கொடுத்துவிட்டேன். தலைமைக் குருக்களுக்கு எழுதிய கடிதமும் இதே கப்பலில்தான் வருகிறது.

செய்தி கேட்ட ஆளுநர் என் முதுகில் ஓங்கித் தட்டி, "என்னய்யா சல்வியுஸ், இனிமே நீ வந்தா நாங்க எந்திரிச்சு நிக்கணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சல்வியாவுக்கு முத்தம். டெகிமுஸ் தங்கையின் பின்னலைப் பிடித்து இழுக்கிறானா இன்னும்? இனிமேல் கூடாது என்று சொல்லிவை.

உன்
சல்வியுஸ்


ரோம்,
நவம்பர் முதல் நாளுக்கு எட்டு நாள் இருக்கையில்.

சல்வியுஸுக்கு வரேனா.

என்ன செய்துவிட்டீர்கள்! ஐயோ, என்ன செய்துவிட்டீர்கள்!

என் கடிதம் உங்களுக்கு வரவே இல்லையா? அதைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன். அது நம்பிக்கையாகவே இருக்கட்டும், பொய்யென்று தெரிந்தால் தாங்கமாட்டேன்.

குருக்கள் வீட்டுக்கு நானே போனேன். வயதானவர், மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். "என்னம்மா, தகப்பனாரே எழுதிக் கொடுத்துட்டாரே. நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"நான் அவளைப் பெத்தவ."

"தெரியுமே. தாய் உயிரோட இருக்கணும்னு சட்டம் சொல்லுது. இருக்கீங்க. அது போதும்மா, வேற ஒண்ணும் நீங்க செய்ய வேண்டாம்."

இன்றைக்கு நான் செத்தால் அவளை எடுக்க முடியாது. அதையும் நினைத்துப் பார்த்தேன். டெகிமுஸ் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வந்தான், ரொட்டி எடுத்து வைக்க எழுந்துவிட்டேன்.

நவம்பர் முதல் நாளில் செனட் கூடுகிறது. அண்ணன் வாய்தா கேட்டுப் பார்க்கிறேன் என்கிறார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் தகப்பன்தான் வேண்டுமாம். இது வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், அது தெரிந்தும் எழுதுகிறேன். வேறு என்ன செய்ய எனக்கு வழி இருக்கிறது? கோயிலில் கோழி உண்டா என்று கேட்கிறாள் சல்வியா. உண்டு என்று சொல்லிவிட்டேன்.

வரேனா


உத்திக்கா,
கடல் மூடி இரண்டாம் நாள்.

என் வரேனாவுக்கு.

உன் முதல் கடிதம் ஏறிய கப்பல் காற்றுக்குப் பயந்து சிசிலியில் கிடந்து கிடந்து, இப்போதுதான் வந்தது. இரண்டு கடிதமும் ஒரே மூட்டையில், ஒரே நாளில். பின்னதை முதலில் உடைத்துவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. பிறகு மற்றதை உடைத்தேன்.

அவள் உயிரோடு இருக்கிறாளா?

ஒன்பது மாதமாக நான் அதை நினைக்கவே இல்லை. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன் என்பதுதான் சரி. நீ கேட்டபடி எழுதிவிட்டேன். ஆளுநர் உட்பட ஏழு பேர் முத்திரை வைத்தார்கள். சல்வியாவைத் திருப்பித் தரச் சொல்லிக் குருக்களுக்கும் எழுதிவிட்டேன். எல்லாம் என் கையில் இருக்கிறது. கப்பல்தான் இல்லை.

துறைமுகத்தில் ஒரு மாலுமியின் காலைப் பிடிக்காத குறை. "ஐயா, கான்சலே வந்து கேட்டாலும் பாய் விரிக்க மாட்டேன். மீனுக்கு இரையாப் போகவா எங்கம்மா என்னைப் பெத்தா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒரு மீன்பிடிகாரன் மட்டும் இரக்கப்பட்டு சிசிலிவரை போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினான். இரண்டாம் நாள் பாய்மரம் முறிந்து கரைக்கே திரும்பி வந்துவிட்டான்.

டிசம்பர். இதை மூடாமலே வைத்திருக்கிறேன், தினமும் கொஞ்சம் எழுதுகிறேன். காலையில் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். 'சல்வியுஸுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது' என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்களாம், பேசட்டும். அண்ணன் வாய்தா வாங்கியிருப்பார், இல்லையா? செனட்டில் எதையும் ஒரே நாளில் முடிக்கமாட்டார்கள், இல்லையா?

ஜனவரி. சின்னவள் யார் ஜாடை? எழுதவே இல்லையே நீ.

பிப்ரவரி. அவளுக்கு ஒரு வயது ஆகியிருக்கும். மூத்தவளுக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், வரேனா, இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தக் கம்பளிக்காரியிடம் போய் சின்னவளை வீட்டுக்குக் கொண்டுவா. தரமாட்டேன் என்றால் முத்திரையைக் காட்டு, சட்டம் நம் பக்கம். கோடையில் வருகிறேன். வந்ததும் தரையில் கிடத்தச் சொல்லி என் கையால் தூக்குவேன். எனக்கு அந்த ஒன்றையாவது கொடு.

உன்
சல்வியுஸ்


ரோம்,
மார்ச் நடுநாளுக்கு மறுநாள்.

சல்வியுஸுக்கு வரேனா.

முதல் கப்பலில் உங்கள் கடிதம் வந்தது. ஏழு முத்திரையும் உடையாமல் இருந்தன.

நவம்பர் முதல் நாளிலேயே முடிந்துவிட்டது. ஒரு தகப்பன் தானாகக் கொடுக்கிறான் என்றதும் செனட்டில் எல்லோருக்கும் ஒரே நிம்மதியாம், மற்ற பத்தொன்பது வீடும் தப்பித்ததே. வாய்தாவாவது ஒன்றாவது. அண்ணனைப் பேசவே விடவில்லை.

குருக்கள் சல்வியாவின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். எடுக்கிற எல்லாப் பெண்ணையும் 'பிரியமானவளே' என்றுதான் கூப்பிட வேண்டுமாம். இவள் கையை உதறிக்கொண்டு, "எம் பேரு அது இல்ல தாத்தா, நான் சல்வியா" என்றாள். கூட்டம் சிரித்தது. அவர் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்த நேரத்திலிருந்து அவள் உங்கள் அதிகாரத்தில் இல்லை, சட்டப்படி யாருடைய மகளும் இல்லை. தலைமுடியை வெட்டி மரத்தில் தொங்கவிட்டார்கள். டெகிமுஸ் அந்த மரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

போன வாரம் சல்வியா கோயிலுக்கு ஊற்றிலிருந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பானைக்கு அடி கூர்மை, கீழே வைக்க முடியாது, தரையில் பட்டால் தீட்டு என்று வைக்கவும் கூடாது. கை கடுத்துப்போய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக்கொண்டே வந்தாள். நான் அறியாமல் கையை நீட்டிவிட்டேன். கோல்காரன், "ஒதுங்கும்மா, ஒதுங்கு" என்றான். ஒதுங்கினேன். அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. நிற்கக்கூடாது என்று அதற்குள் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

சின்னவள் யார் ஜாடை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ஜாடைதான். நெற்றி அப்படியே.

முத்திரையை எடுத்துக்கொண்டு தல்லூசா வீட்டுக்குப் போனேன். நீங்கள் சொன்னதைச் செய்யத்தான் போனேன், பொய் சொல்லவில்லை. குழந்தை நடக்கிறாள், நூல் உருண்டையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். தல்லூசா கடிதத்தைப் பார்த்தாள். எழுத்துத் தெரியாதவளுக்கும் முத்திரை என்றால் என்னவென்று தெரியும். அழவில்லை, சண்டை போடவில்லை. குழந்தையைத் தூக்கி மூக்கைத் துடைத்துவிட்டு, "காலைல கஞ்சி கொஞ்சம் ஆறிப்போனாத்தான் குடிப்பா. சூடுன்னா ஆகாது அவளுக்கு" என்றாள். அதற்கு மேல் அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

சல்வியுஸ், உங்கள் ஒரு கடிதம் இவளைத் தெருவில் வைத்தது. இன்னொரு கடிதம் அவளைக் கோயிலில் வைத்தது. மூன்றாவது கடிதத்தையும் தூக்கிக்கொண்டு போய் வேறொருத்தி மடியைக் காலியாக்க என்னால் ஆகாது. அடுப்பில் போட்டுவிட்டேன். ஏழு முத்திரையும் உருகின.

சாவிக் கொத்தை உங்களுக்கு அனுப்பி மணத்தை முறித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கழற்றியும் வைத்தேன். ஆனால் டெகிமுஸ் சட்டப்படி உங்கள் பிள்ளை. நான் போனால் அவனையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் இந்த வீட்டிலேயே இருக்கிறேன். கோடையில் வாருங்கள். கதவு திறந்திருக்கும், குளிக்க வெந்நீர் இருக்கும், உங்களுக்குப் பிடித்த பருப்புக் கூழ் இருக்கும்.

தல்லூசா வீட்டைக் காலி செய்துவிட்டாள். நான்தான் செய்யச் சொன்னேன். இப்போது எந்தத் தெரு, எந்த மாடி என்று எனக்குத் தெரியும். நீங்கள் வந்து கேட்பீர்கள், கோபப்படுவீர்கள், பிறகு அழுவீர்கள் என்பதும் தெரியும். சொல்லமாட்டேன்.

வரேனா