அடுப்பு மூட்டாத வீடுகளுக்குச் சாப்பாடு

பருத்திப்பட்டு,
ஞாயிறு மத்தியானம்.

பவ்யா அப்பாவுக்கு, சரசா எழுதுவது.

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் சொல்லப் போகிறீர்கள், அதனால் கேட்கவில்லை. இங்கே நானும் பவ்யாவும் இருக்கிறோம். என் கால் வலி எப்போதும் போல. ஏரிக்கரைப் பக்கம் இன்னொரு அடுக்குமாடி எழும்புகிறது. வீடெல்லாம் சிமெண்ட் தூசி. துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துவிட்டது, இப்போது தூசியோடேயே குடித்தனம் நடத்துகிறோம்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். என்ன செய்வது? ஃபோனில் நான் இந்தப் பேச்சை எடுத்ததும் கட் செய்துவிடுகிறீர்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டால் கேட்டதாகக் காட்டுகிறது, பதில் வருவதில்லை. நம்ம வேப்பம்பட்டு ஹேமநாதன் லீவு முடிந்து இந்த வாரம் மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். ஊறுகாயும் கருவாடும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இதையும். நீங்கள் படித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பயந்து எழுந்து போய்விடுவார் என்றும் தெரியும். இருந்தாலும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த மாதக் கடைசியில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னீர்கள். "நீ அங்க ஒரு தொழில நிக்க வை, நான் அடுத்த ஃபிளைட்ல வந்துர்றேன்" என்று சொன்னதும் நீங்கள்தான். ஒன்று எழுந்து நின்றதும், "அந்தத் தொழில் வோணாம்" என்று சொல்வதும் நீங்கள்தான். எதை வேண்டாம் என்கிறீர்களோ அதை முழுசாகக் கேட்டுவிட்டாவது சொல்லுங்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனியை மூடிக்கொண்டு போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். மாவு அரைத்து விற்றேன். நம் தெருவில் மட்டும் மாவு விற்கிறவர்கள் எத்தனை பேர் என்று பிறகுதான் பார்த்தேன். நைட்டி வாங்கி வந்து விற்றேன். வாங்க வந்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள், அவர்களிடம் விலை சொல்ல எனக்கு வாயே வரவில்லை. அப்புறம் தள்ளுவண்டியில் நாஷ்டா. என் தம்பி செல்வகுமார் ஆசையாசையாக 'நன்றி, மீண்டும் வருக' என்று அச்சடித்த பைகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போட்டான். மீண்டும் யாரும் வரவில்லை. வண்டியை விற்றோம், பைகள் பரண் மேல் கிடந்தன.

அதன் பிறகுதான் மகளிர் குழுவில் பயிற்சி என்று போனேன். ரேஷ்மா என்று ஒரு பெண் வகுப்பு எடுத்தாள். அடுத்தவர் செய்வதைப் பார்த்துத் தொழில் தொடங்காதீர்கள், உங்களுக்கு எது கைவந்த வேலையோ அதிலிருந்து தொடங்குங்கள் என்றாள். எல்லாரும் தையல், பூக்கட்டுவது, அழகு நிலையம் என்று சொன்னார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கம்பெனியில் ஒயருக்கு கிளிப் மாட்டியதை வைத்து என்ன தொழில் செய்வது? அவள் விடவில்லை. அக்கம் பக்கத்தில் போய், என்னை எதற்காகக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டு வாருங்கள் என்றாள்.

எதிர் வீட்டுக் குப்பம்மாவிடம் கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டு இருந்தாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உன்ன இன்னாத்துக்குக் கூப்புடுவோம்? எங்கனா சாவு உழுந்தா கூப்புடுவோம்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நாள் அவளோடு பேசாமலே இருந்தேன்.

ஆனால் யோசித்தால் அவள் சொன்னது சரிதான். கன்னியப்பன் மாமா போனபோது ஐஸ் பெட்டிக்குச் சொன்னது யார்? அழுகிற பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப்போய்ப் பால் கொடுத்தது யார்? யார் வீட்டில் துக்கம் என்றாலும் முந்தானையைச் சொருகிக்கொண்டு போய் நிற்கிறேன். எல்லாரும் அழுகிற இடத்தில் எனக்குக் கை நடுங்காது. வீட்டுக்கு வந்துதான் அழுகை வரும். அது ஒரு தொழிலுக்கு ஆகும் என்று எனக்கும் அதுவரை தோன்றியதில்லை.

அதைத் தோன்ற வைத்தது நம்ம ஆனந்தன் அண்ணன். ஏரி ஓரத்து அடுக்குமாடியில் வாட்ச்மேனாக இருக்கிறாரே, அவர்தான். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் வெளியூர். மதுரை, ஈரோடு, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து வீடு வாங்கியவர்கள். ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். சடலத்தை எடுக்கும்வரை அடுப்பு மூட்டக் கூடாது. நம் தெருவாக இருந்தால் கேட்காமலேயே நாலு வீட்டிலிருந்து குண்டான் வந்துவிடும். அங்கே எதிர் ஃப்ளாட் பூட்டிக் கிடக்கிறது, இவர்கள் பெயர் அவர்களுக்குத் தெரியாது. செல்ஃபோனில் ஆர்டர் போட்டு பரோட்டா வரவழைத்தார்களாம். கொண்டுவந்த ஆள் வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்துவிட்டு, பார்சலைத் தரையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டானாம். "சாவு ஊட்ல பரோட்டா துன்றாங்க சரசா, பாக்கவே ஒரு மாரி ஆயிட்ச்சி. நீ எதனா ஆக்கினு வரியா?" என்று கேட்டார். சாம்பார் சாதமும் ரசமும் செய்து எடுத்துப் போனேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

இதற்கு போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது. ஆனந்தன் அண்ணன் ஃபோன் செய்வார். உங்கள் ஊர்ப் பக்கம் என்ன வழக்கம் என்று அந்த வீட்டில் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பேன். ஒரு வீட்டில் தாளிக்கக் கூடாது என்பார்கள், இன்னொரு வீட்டில் கீரை வேண்டாம் என்பார்கள். சாப்பிடுகிறீர்களா என்று யாரிடமும் கேட்க மாட்டேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். டம்ளரைக் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், அவர்களே குடிப்பார்கள். கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லாமல் வந்துவிடுவேன்.

இதைச் சொன்னதும் நீங்கள் அந்தக் குதி குதித்தீர்கள். "சாவு ஊட்டுக்கு ஆக்கிப் போடறவ பொண்ணுன்னு சொன்னா பவ்யாவ எவன் கட்டுவான்?" என்று கேட்டீர்கள். அதை அவளிடமே சொன்னேன். "அப்டி சொல்ற ஊடு எனக்கு இன்னாத்துக்குமா" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். அவளுக்கு உங்கள் மூக்கு மட்டும்தான் வந்திருக்கிறது, வாய் என்னுடையது.

இப்போது அருள்மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவளைப் பற்றி உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

அதே அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். வீட்டுக்காரருக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. அவருக்கு உங்கள் வயதுதான் இருக்கும். அந்த ஃப்ளாட்டை வாங்கியதே அவர் சம்பாத்தியத்தில், ஆனால் அதில் அவர் ஒரு லீவுக்கு மட்டும்தான் இருந்திருக்கிறார். காலையில் வேலைக்குக் கிளம்பியவர் ரூம் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். சேதி உடனே வந்துவிட்டது, உடம்பு வரவில்லை. அந்தப் பேப்பர், இந்தப் பேப்பர் என்று பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. உடம்பு வந்து எடுக்கிற வரைக்கும் அடுப்பு மூட்டக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்கள். வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்கு இப்படி ஒரு சாவு வரும் என்று தெரிந்திருக்காது.

அத்தனை நாளும் காலையும் மாலையும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அழவும் இல்லை. விமானத்தில் ஏற்றியாச்சா, ஏற்றியாச்சா என்று மச்சினரையே கேட்டுக்கொண்டு இருப்பாள். திரும்பி வரும்போது லிஃப்டில் எனக்கு உங்கள் முகம்தான் தெரியும்.

உடம்பு வந்த அன்று தஞ்சாவூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். எடுத்து முடித்துக் குளித்துவிட்டு வருகிறவர்களுக்குச் சாப்பாடு வேண்டும். நான் நினைத்துப் போனதைவிடக் கூட்டம் அதிகம், சிலர் உடனே ஊருக்குத் திரும்புகிறார்கள், பார்சலாகக் கேட்கிறார்கள். கைவசம் இருந்த பை தீர்ந்துவிட்டது. பரணில் இருப்பதை எடுத்து அனுப்பு என்று பவ்யாவுக்கு ஃபோன் செய்தேன். பை வந்து சேர்ந்த அவசரத்தில் பொட்டலங்களைப் போட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பது என் புத்தியிலேயே இல்லை. அவள் மச்சினர் ஒரு பையைத் தூக்கிப் பிடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். "என்னம்மா, இன்னொரு சாவுக்குக் கூப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

பொட்டலங்களை எல்லாம் இலையில் கொட்டிவிட்டு, பைகளைச் சுருட்டிக் குண்டானுக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அன்று சாயந்தரம்தான் உங்களுக்கு ஃபோன் செய்து அழுதேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வீர்கள் என்று பார்த்தேன். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல. நீ ஒண்ணும் கிழிக்க வோணாம், நானே இன்னும் ரெண்டு வருசம் இருந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நானும் குண்டான்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தது இதுவரைக்கும்தான்.

ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. குப்பம்மா வந்து, "யாரோ ஒரு பொம்பள அந்தாண்ட நின்னுகினு உன் ஊட்டயே பாத்துகினு கீது" என்றாள். போய்ப் பார்த்தால் அருள்மொழி, தெருவுக்கு அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக வெயிலில் நிற்கிறாள். எடுத்த நாளிலிருந்து எண்ணினால் பதினாறாம் நாள் இன்னும் ஆகவில்லை. அதற்குள் அடுத்தவர் வாசலை மிதிக்கக் கூடாது என்று அங்கேயே நின்றுகொண்டு இருக்கிறாள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். குப்பம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கட்டிலில் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன்.

பதினாறாம் நாள் சமையல் நான்தான் செய்ய வேண்டும் என்றாள். அந்தப் பை விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். "பையில என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. அன்னைக்கு எனக்கு எதுவுமே கண்ணுல படல. அத்தன நாளும் யார் கையால சாப்பிட்டேன்னு மட்டும் தெரியும்" என்றாள்.

அதற்கு அப்புறம்தான் அழுதாள். ஒவ்வொரு லீவு முடியும்போதும் அவர் பெட்டியை இவள்தான் அடுக்கிக் கொடுப்பாளாம். "போகாதீங்கன்னு சொன்னா அவர் மனசு கஷ்டப்படும்னு ஒரு தடவகூட சொல்லலக்கா. நான் சொல்வேன்னு அவர் காத்திருந்தாரோ என்னமோ" என்றாள். டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தேன்.

பதினாறாம் நாள் சமையலைச் செய்தேன். அந்த மச்சினரே பந்தியில் ரசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அதற்குப் பிறகு பக்கத்து அடுக்குமாடியிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். இது உங்கள் சம்பளம் அளவுக்கு வராது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் இது என்னால் முடிகிற வேலை. மற்றதெல்லாம் நான் பார்த்துக் கற்றுக்கொண்டது, இது எனக்கு வருவது.

வண்டி ஓட்ட ஓர் ஆள் வேண்டும். ஆட்டோவில் குண்டானை ஏற்றினால் பாதி சாம்பார் சீட்டில்தான் இருக்கிறது. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும், பேசத் தெரியாது. கல்யாண நாளில் இருந்து இதற்காக உங்களைத் திட்டிக்கொண்டு இருக்கிறேன். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும். துக்க வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க உங்களை விட்டால் ஆள் கிடையாது.

இன்னொன்று. ஹேமநாதனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், நான்தான் பிடுங்கிக் கேட்டேன். "அண்ணன் ஒரு நாளு வண்டிய ஓரங்கட்டிட்டு ரோட்டு ஓரத்துலயே படுத்துட்டாரு அண்ணி, வெயிலு தாங்கல" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். அன்று ஃபோனில் பவ்யாவுக்கு என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டுக்கொண்டு இருந்தீர்களாக்கும்.

நான் களைத்துப் போய்விட்டேன். உங்களுக்காகப் பயந்து பயந்தே களைத்துவிட்டேன். தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தால் எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் ஏதாவது லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்கிறாள், அவளுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

அருள்மொழி சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்கு இந்தத் தொழில் பிடிக்கவில்லை என்றால் வந்து, எதிரில் உட்கார்ந்து சண்டை போடுங்கள். அங்கிருந்துகொண்டு போடாதீர்கள். ஊரில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் சமைத்துக் கொண்டுபோக நான் இருக்கிறேன். நம் வீட்டில் அப்படி ஒன்று என்றால், தெருவிலிருந்து குண்டான் வரும், என் கையில் டம்ளரை வைக்க ஆள் கிடையாது.

வெயிலில் நிற்காதீர்கள். தண்ணீர் குடியுங்கள். வந்து சேருங்கள்.

சரசா