ஊதாச் சுவர் வீட்டுக்காரருக்கு

இன்று காலையில் கடற்கரைக்குக் கருவாடு வாங்கப் போனேன். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்த இத்தா முடிந்த பிறகு வேலியைத் தாண்டி நான் கொஞ்சத் தூரம் நடந்தது இதுதான் முதல் தடவை. தோணிகள் இழுத்துவிட்டிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், மணலில் ஒரு பெரிய விளம்பரப் பெனரை விரித்து நெத்தலி காயப் போட்டிருந்தார்கள். ஊதா நிறப் பெனர். கிட்டப் போனதும்தான் தெரிந்தது, நெத்தலிக்குக் கீழே கிடப்பது நீங்கள். ஒரு கண்ணும், தாடியில் பாதியும், மேலே தூக்கிய ஒரு கையும் தெரிந்தன. மற்றதெல்லாம் மீன்.

"என்ன ராத்தா அப்பிடிப் பாக்கிறீங்க? நேத்துப் பட்ட நெத்தலி, மண்ணே ஒட்டல்ல" என்றாள் விற்கிறவள்.

"பெனர் நல்லா இரிக்கி" என்றேன்.

"ஓம் ராத்தா. சோடாக் கும்பனிட பெனர். வெயிலுக்கும் வெளிறுதில்ல, மழைக்கும் கிழியிதில்ல."

அந்தப் படத்தில் இருக்கிறவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நெத்தலியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அழவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால், "பாத்தியா புள்ள, கும்பனிச் சாமான் எண்டா கும்பனிச் சாமான்தான்" என்று அதற்கும் பெருமைப்பட்டிருப்பீர்கள். அந்த நினைப்பு வந்ததும் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து கருவாட்டை வெயிலில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்து. கோணல்மாணலாக இருந்தாலும் உங்களுக்கு வாசிக்கத் தெரியும்.

முதலில் உங்களுக்குக் கிரிக்கெட்டில்தான் பைத்தியம். கும்பனியில் இல்லை. அதை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. நம் நாடு விளையாடுகிற நாளில் ஓட்டோவுக்குள் யார் இருந்தாலும் சந்தித் தேத்தண்ணிக் கடையடியில் வண்டியை நிறுத்திவிடுவீர்கள். ஒரு நாள் நிந்தவூருக்குப் போக ஏறிய மாமி ஒருத்தி, "தம்பி, நான் கலியாண ஊட்டுக்குப் போகணும்" என்று கத்த, "இந்த ஓவர் முடியட்டும் மாமி, மாப்புள எங்கயும் ஓடமாட்டாரு" என்றீர்களாம். அந்த மாமியே பிறகு வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் அவளும் இறங்கி நின்று மெச் பார்த்தாளாம்.

பிறகுதான் கும்பனிக்காரர் வந்தார்கள். ஊர் விளையாட்டுக் கழகத்துப் பொடியன்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்தார்கள். உங்களுக்கு ஒரு ஊதாச் சட்டை, ஒரு தொப்பி. நெஞ்சு நிறைய சோடாவின் பெயர். சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றீர்கள்.

"எப்பிடி புள்ள?"

"நம்மட நாட்டுட பேரு எங்க மச்சான்?"

குனிந்து பார்த்தீர்கள். தோளைத் திருப்பிப் பார்த்தீர்கள். "இஞ்ச கைக்குள்ள சின்னதா இரிக்கி" என்றீர்கள். இருந்ததுதான். கையைத் தூக்கினால் தெரியும். அதற்காகத்தானோ என்னவோ, அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றீர்கள்.

உங்களுக்குச் சீனி வருத்தம். சோடாவில் ஒரு மிடறு குடிக்க உங்களுக்குத் தடை. ஆனாலும் ஓட்டோவின் கூட்டை ஊதாவாக்கினீர்கள், கண்ணாடியில் ஊதாக் கொடி கட்டினீர்கள். மகளைப் பிடித்து போனில் வீடியோ எடுக்கச் சொல்வீர்கள். போத்தலை வாயில் வைத்து அண்ணாந்து, "ஒரு மிடறு, ஒரு சிக்ஸர்!" என்று கத்துவீர்கள். போத்தலுக்குள் இருந்தது நம் கிணற்றுத் தண்ணீர். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் போனை ஆட்டிவிட்டால் திரும்பவும் எடுக்க வேண்டும். அதைக் கும்பனிக்காரர் தங்களுடைய பக்கத்தில் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்த அன்று, சோறு தின்னாமல் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

ஓட்டோத் தரிப்பில் உங்களோடு நிற்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "கும்பனி மாப்புள வாறாரு, வழி விடுங்கடா" என்பார்கள். "சம்பளம் எவ்வளவு காக்கா?" என்று ஒருவன் கேட்டதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்.

"சம்பளத்துக்கா புள்ள நான் செய்றன்? நம்மட டீமுக்கு அவகதானே செலவழிக்கிறாக. நாம ஒண்டும் குடுக்க ஏலா, இதயாவது செய்வோம்."

நீங்கள் கும்பனிக்கு வேலை செய்யவில்லை. நீங்கள் சந்தோசப்பட்டீர்கள். அந்தச் சந்தோசத்தை அவர்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவுதான் எனக்கு விளங்குகிறது.

சுவர் விசயத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. இந்த வீடு என் வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து குடியிருக்க வேண்டும். எனக்குப் பிறகு மகளுக்கு என்று வைத்திருந்த வீடு. நான் கல்முனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் றோட்டுப் பக்கத்துச் சுவர் முழுவதும் ஊதா. நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு சோடாப் போத்தல். கும்பனிப் பொடியன்கள் ஏணியில் நின்று கடைசி எழுத்துக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் கீழே நின்று அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"என்ன மச்சான் இது?"

"சும்மா பெயின்ட் அடிச்சித் தாறாக புள்ள. எத்தின ஊடு இரிக்கி இந்த றோட்டுல, நம்மட செவரத் தேடி வந்திரிக்காக."

அடுத்த மாதமே மகளைப் பேச மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா வெயிலில் களைத்துப் போய் வாசலில் நின்று, "தங்கச்சி, கூலான சோடா ரெண்டு தாங்க. மறுகா, இஞ்ச பக்கத்துல பொண் பாக்கிற ஊடு எது?" என்று கேட்டாள். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். நீங்கள் பின் கதவால் ஓடிப் போய், கடையில் உண்மையாகவே சோடா வாங்கி வந்து கொடுத்தீர்கள். அதுவும் அந்த ஊதாச் சோடா. அவள் குடித்து முடித்த பிறகுதான், "இதுதான் அந்த ஊடு" என்றீர்கள். கலியாணம் நடந்தது. ஆனால் சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் நமக்குப் பெயர் சோடாக் கடை வீட்டார்தான். மகளுக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்தப் பெயர் போகாது. ஊர் வைத்த பெயர் அப்படித்தான்.

ஒரு தரம் கும்பனி பஸ் விட்டு உங்களையெல்லாம் மெச் பார்க்கக் கூட்டிப் போனதையும் நான் மறைக்கக் கூடாது. ஊதாச் சட்டைக் கூட்டத்துக்கு நடுவில் உங்கள் முகம் டீவியில் வந்து போனது. கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் "பெரியப்பா, பெரியப்பா" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். திரும்பி வந்து, "நான் தெரிஞ்சனா புள்ள?" என்று வாசலில் வைத்தே கேட்டீர்கள். "தெரிஞ்சீங்க" என்றேன். அன்று உங்கள் முகம் இருந்த மாதிரி நம் கலியாணத்தன்றுகூட இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, "எங்கள் சுப்பர் ரசிகர்" என்று எழுதிச் சந்தியில் பெனராகக் கட்டினார்கள்.

நெஞ்சு வலி என்று உட்கார்ந்தீர்கள், எழும்பவில்லை. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கபன் துணி சுற்றிக் கொண்டுபோனபோது வெள்ளையைத் தவிர உங்கள் மேல் வேறு நிறம் இருக்கவில்லை. அது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

நான் இத்தாவில் இருந்தபோது கும்பனியில் இருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன் அறையில் என் கூடப் பிறந்த காக்காவும் மருமகனும் அவர்களோடு இருந்தார்கள். மகள் என்னோடு இருந்தாள். திரைக்கு உள்ளே இருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தவர்களில் ஒருவர் நல்ல தமிழில் மரியாதையாகத்தான் கதைத்தார். உங்கள் ஞாபகமாக ஒரு கிண்ணம் வைத்துப் பெரிய போட்டி நடத்தப் போகிறார்களாம். உங்கள் படத்தைப் போட்டு இந்தக் கரை முழுவதும் பெனர் கட்டுவார்களாம். பழைய வீடியோவையும் விளம்பரத்தில் போடுவார்களாம். வீட்டார் சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கழகத்துப் பொடியன்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு ஆசை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாப்பா ஆசப்பட்டிருப்பாரு உம்மா" என்று மெல்லச் சொன்னாள்.

"ஓம் மகள், ஆசப்பட்டிருப்பாருதான்" என்றேன்.

அதுதான் எனக்குக் கஷ்டம். நீங்கள் இருந்து கேட்டிருந்தால் அவர்கள் கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்றிருப்பீர்கள். உங்களுக்குப் பதிலாக நான் வேண்டாம் என்று சொன்னால் அது உங்களுக்குச் செய்கிற நன்மையா, துரோகமா என்று எனக்குத் தெரியவில்லை. காக்கா உள்பக்கம் திரும்பி, "என்ன செல்றாய் தங்கச்சி?" என்று கேட்டார்.

நான் திரைக்குப் பின்னால் இருந்தபடியே ஒன்று கேட்டேன். "கிண்ணத்துல என்ன பேரு போடுவீங்க?"

"சுப்பர் ரசிகர் கிண்ணம் என்று போடுவோம், அம்மா."

"அது பட்டம். அவருட பேரக் கேக்கிறன்."

கடதாசி புரள்கிற சத்தம் கேட்டது. மற்றவர் ஏதோ சிங்களத்தில் கேட்டார். பிறகு, "நாங்கள் எல்லோரும் அவரை சுப்பர் ரசிகர் என்றுதான் கூப்பிடுவோம்" என்றார் முதலாமவர். பொய் சொல்லவில்லை. சட்டையில், பெனரில், வீடியோவில் எங்கேயும் உங்கள் பெயர் இருக்கவில்லை. இவ்வளவு காலமாக நானும் அதைக் கவனிக்கவில்லை.

காக்கா சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். என் வயதுப் பெண்கள் புருசன் பெயரை வாயால் சொல்வதில்லை. கிராம சேவகர் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வோம். உங்களோடு வாழ்ந்த காலம் முழுவதும் மச்சான் என்றேன், மற்றவர்களிடம் இவரு என்றேன். அன்று அந்த இரண்டு அந்நிய ஆண்களுக்கும் கேட்க, உங்கள் பெயரை முழுதாகச் சொன்னேன். உங்கள் வாப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். மகள் என் கையை விட்டுவிட்டாள். காக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு சொன்னேன்: "அவரு உசிரோட இரிக்கக்குள்ள தந்தத நான் திருப்பிக் கேக்கல்ல. அவரு ஆசயோட தந்தாரு. இனி அவரால தர ஏலா. அதால நீங்களும் எடுக்கப் படா."

அவர்கள் எழும்பிப் போனார்கள். சலாம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

கிண்ணம் வேறு ஊருக்குப் போய்விட்டது. அங்கேயும் ஒருவர் இருக்கிறாராம், தலைமயிருக்கே ஊதாச் சாயம் அடித்திருக்கிறாராம். நம் கழகத்துப் பொடியன்கள் கொஞ்சக் காலம் இந்தப் பக்கம் வரவில்லை. மருமகன் சுவருக்கு வெள்ளை அடித்தார். மகள் அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. "வாப்பாட செவர அழிச்சிட்டீங்க" என்றாள். "அது வாப்பாட செவரு இல்ல, ஒண்ட செவரு" என்றேன். இரண்டு பூச்சுப் பூசியும் போத்தலின் கழுத்து இன்னும் லேசாகத் தெரிகிறது. தெரியட்டும் என்று விட்டுவிட்டோம்.

நான் செய்தது சரியா என்று உங்களிடம் கேட்க வழியில்லை. ஆனால் ஒன்றை நான் அன்றிலிருந்து விடவில்லை. தொழுதுவிட்டுக் கையேந்தும்போது இவரு என்று சொல்வதில்லை. பெயரைச் சொல்லியே கேட்கிறேன். முதல் நாட்களில் நாக்குக் கூசியது. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொல்வேன். இப்போது மகள் பக்கத்தில் இருந்தாலும் சத்தமாகச் சொல்கிறேன். அவளும் ஆமீன் சொல்கிறாள்.