வேடியப்பன் கழனியில் ஊதிய விசில்

அடி அண்ணாமலை,
தை மாதம், வெள்ளிக்கிழமை மதியம்.

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா கஸ்தூரி எழுதுவது. அண்ணாமலையார் பார்வையில் இங்கே நாங்கள் சுகம், அப்பாவின் முதுகும் நம் வீட்டு மிக்சியும் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும், உன்னோடு அந்த நீள அறையில் படுத்து எழுகிற பெண்களும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. மத்தியப் பிரதேசத்தில் குளிர் ஜாஸ்தி என்று டிவியில் சொன்னதும் அப்பா தன் குரங்குக் குல்லாவைக் கழற்றி இதைப் பார்சலில் போடு என்று நீட்டிவிட்டார். பட்டாளத்தில் இதெல்லாம் போடவிட மாட்டார்கள் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. வைத்திருக்கிறேன். போடாவிட்டாலும் பரவாயில்லை, மோந்து பார்த்துக்கொள், நம் ஆட்டோ வாசனை அடிக்கும். இந்த வருஷம் பொங்கலுக்கு நீ இல்லாததால் வாசலில் கோலத்தை நான்தான் போட்டேன், பானை வரைந்தேன், பக்கத்து வீட்டில் பூசணிக்காயா என்று கேட்டார்கள்.

அப்பாவைப் பற்றிக் கேட்காதே. பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற சவாரியிடம் என் பொண்ணு பட்டாளத்துல கீறா சார் என்று ஆரம்பித்து, செங்கம் ரோடு திரும்புவதற்குள் உன்னை கேப்டன் ஆக்கிவிடுகிறார். போன பௌர்ணமிக்கு ஆந்திராவில் இருந்து வந்த ஒரு குடும்பம் இறங்கும்போது அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதாம். அன்று முழுக்க அந்தக் காலை வைத்துக்கொண்டு வீட்டில் ஒரு வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் காதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓட்டத்தில் முதலாவதாக வருகிறாய் என்று உன்னை உங்கள் செக்‌ஷனுக்கு சீனியர் ஆக்கிவிட்டார்கள். அதுவரை உன்னோடு சிரித்துப் பேசிய பெண்கள், இப்போது நீ உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். ராஜஸ்தான் பெண் பிங்கி பின்தங்கினால் செக்‌ஷன் மொத்தத்துக்கும் தண்டனை, தண்டனை வாங்கினால் எல்லாருக்கும் உன்மேல் கோபம், அந்தக் கோபத்தில் நீ பிங்கியிடம் கத்துகிறாய், அவள் இன்னும் பின்தங்குகிறாள். காலைல பூட்ஸ் கயிறு கட்டுறப்ப கை நடுங்குதும்மா, சோறு எறங்க மாட்டேங்குது என்றாய். மாதக் கடைசியில் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு செக்‌ஷனாக நடந்து காட்டுகிற பரீட்சை வருகிறது, கடைசி ஆள் வந்து சேருகிற நேரம்தான் எல்லாருக்கும் நேரம், அதுக்கு முன்னாடி சீனியரும் வாணாம் ஒண்ணும் வாணாம்னு டிரெயினிங் குடுக்குற உஸ்தாத்கிட்ட சொல்லிட்டு வீட்டுக்கே வந்துடறேன் என்றாய். அதற்குப் பெற்றவள் நான் என்ன சொன்னேன்? பயப்படாத, நீ சிங்கம்டீ என்றேன். அதோடு உன் நேரம் முடிந்து போன் கட்டாகிவிட்டது. அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்த பிறகுதான் போனைக் கீழே வைத்தேன். பிள்ளை கை நடுங்குகிறது என்று சொல்கிறாள், நான் காட்டில் இருக்கிற மிருகத்தை எல்லாம் கூப்பிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை யாரும் கட் பண்ண முடியாது அல்லவா.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. நம் நடவுக் கூட்டத்தை இத்தனை வருஷமாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்த சந்திரம்மாள், மகள் பிரசவத்துக்கு ஆவடி போய்விட்டார். போகிற போக்கில் இந்த நவரைப் பட்டத்துக்கு நீ பாத்துக்க கஸ்தூரி, உனக்குத்தான் கை வேகம் என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். உன்னைக் காலுக்காகப் பிடித்தார்கள், என்னைக் கைக்காகப் பிடித்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். யார் கழனிக்கு எப்போது போவது, யாரை எங்கே நிறுத்துவது, யார் வரவில்லை, ஏன் வரவில்லை, எல்லாம் என் பாடு. முதல் நாள் விடியுமுன்பே எழுந்து, பெருக்கிய வாசலையே திரும்பப் பெருக்கினேன். முந்தின வாரம் வரை என்னோடு வெற்றிலை மடித்துக் கதை பேசியவர்களுக்கு நான் எப்படி வேலை சொல்வது? குரலை உயர்த்தினால் இவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்பார்கள், தாழ்த்தினால் காதிலேயே விழாது. உன்னிடம் இதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று இருந்தேன். பெருமைப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை.

அப்போதுதான் உன் பட்டாளம் என் நினைவுக்கு வந்தது. பொங்கலுக்கு முன்னால் நீ சிரிக்கச் சிரிக்கச் சொன்னாயே, விசில் அடித்தால் வரிசை, ஆளுக்கு ஒரு ஜோடி, ஜோடியில் ஒருத்தி பிந்தினால் இருவருக்கும் தண்டனை என்று. நாட்டையே காப்பாற்றுகிற ஏற்பாடு, நாங்கள் நடுகிற வேடியப்பன் கழனிக்குப் போதாதா என்று நினைத்தேன். தீபத்துக்குப் போட்ட கடைகளில் இன்னும் ஒன்று கிரிவலப் பாதையில் இருக்கிறது, அங்கே ஒரு சிவப்பு விசில் வாங்கி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பார்த்த அப்பா, தாலியைப் பக்கமா ஒதுக்கி வச்சிக்க, இடிச்சிக்கப் போவுது என்றார். மறுநாள் காலையில் எல்லாரும் வரப்பில் நிற்கும்போது மூச்சை இழுத்து ஒரு ஊது ஊதினேன். வேடியப்பன் தன் நாயை விசிலடித்துத்தான் கூப்பிடுவார் என்பது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. மோட்டார் கொட்டகையில் படுத்திருந்த அது, முந்தின நாள் நாங்களே நட்ட பக்கத்துக் கழனியைக் குறுக்கே பிளந்துகொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்து வாலை ஆட்டியது. என் சொல் கேட்டு அன்றைக்கு ஒழுங்காக வரிசையில் நின்றது அது ஒன்றுதான். அது மிதித்த நாற்றை எல்லாம் திரும்ப நட்டுவிட்டுத்தான் அன்றைய வேலையையே தொடங்கினோம்.

அதோடு விட்டேனா? ஜோடி பிரித்தேன். எழிலரசிக்குக் கை பறக்கும் என்பது உனக்குத் தெரியும், சரசக்காவுக்கு முழங்கால் போன பிறகு குனிந்து நிமிர நேரமாகிறது. வேகத்தையும் மெதுவையும் சேர்த்துக் கட்டினால் சரியாகிவிடும் என்று இருவரையும் ஒரு ஜோடி ஆக்கினேன். பிந்துகிற ஜோடிக்கு டீ கடைசியில்தான் என்று சட்டமும் போட்டேன். நீ சின்ன வயதில் கழனிக்கு வந்தபோது பார்த்திருப்பாய், எல்லாரும் ஒரே வரிசையாகக் குனிந்து, அவரவர் கைக்கு எட்டுகிற அகலத்தில் நட்டுக்கொண்டே பின்னால் நகர்வோம். யாராவது பிந்தினால் பக்கத்தில் இருப்பவள் பேச்சோடு பேச்சாக அவள் பங்கிலும் கொஞ்சம் நாற்றை ஊன்றிவிட்டு நகர்வாள். யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. நான் ஜோடி பிரித்ததும் அந்தக் கை நின்றுபோயிற்று. சரசக்காவுக்கு அந்தப் பக்கம் நின்றவள், அது எழிலு ஜோடி, எனக்கின்னா என்று அவள் பாட்டுக்கு நகர்ந்தாள். எழிலரசி டீ போய்விடுமே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு நட்டாள். அரை மணி போகவில்லை, எல்லாரும் பின்னால் போய்விட, இரண்டு பக்கமும் நட்ட நாற்றுக்கு நடுவில் சரசக்கா தனியாகக் குனிந்துகொண்டிருந்தார். வேடியப்பன் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, இன்னா கஸ்தூரி, வாய்க்கு நடுவுல பல்லு விழுந்தாப்புல கீது என்று சிரித்தார். நான் சட்டத்தை விடவில்லை. டீ வந்ததும் அந்த ஜோடிக்குக் கடைசியாகக் கொடுத்தேன். சரசக்கா தம்ளரை வாங்கி, குடிக்காமல் வரப்பில் வைத்துவிட்டார்.

கவியா, அந்தத் தம்ளரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது. விசிலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சேற்றுக் காலோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்கு உங்கள எல்லாம் பாத்தாலே பயமா கீதுடீ, ஒரு வாரமா தூக்கம் இல்ல, நாளைக்கு நான் வரல, வேற ஆளப் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இதை யோசித்துச் சொல்லவில்லை, வாயில் இருந்து விழுந்துவிட்டது. சரசக்காதான் முதலில் சிரித்தார். அடிப்பாவி, நீ ஊதுற ஊதுக்கு நாங்க பயந்துகினு கீறோம், நீ எங்களுக்குப் பயந்துகினு கீறியா என்றார். எழிலரசி, எனக்கும் பயம்தான்க்கா, சரசக்கா பிந்துனா என் டீ போயிடும்னு என்றாள். எங்கிருந்தோ எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆறிப்போன டீயை சரசக்கா எடுத்துக் குடித்தார். அந்த மடக் மடக் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி கேட்டது.

குடித்துவிட்டு என் மடியில் இருந்த விசிலை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார். என் முட்டி ஓய்வு கேக்குறப்ப நான் ஊதறேன், அப்ப எல்லாரும் நிமிருங்க என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம், நிஜமாகவே ஊதினார். நிமிர்ந்தோம். அப்போதுதான் தெரிந்தது, இடுப்பு எல்லாருக்கும்தான் விட்டுப்போயிருந்தது, நான் நிமிர்ந்தால் என்னை என்ன நினைப்பார்கள் என்று ஒருத்தியும் நிமிராமல் இருந்திருக்கிறோம். மறுநாள் வேகக்காரிகளை இரண்டு கரையிலும் நிறுத்திவிட்டு, நான் சரசக்காவுக்குப் பக்கத்தில் நடுவில் நின்றேன். ஜோடியும் இல்லை, சட்டமும் இல்லை. நின்றுபோன கை தானாகவே திரும்ப வந்தது. வேடியப்பன், இது இன்னா கழனியா ரயில்வே ஸ்டேஷனா என்று கேட்டார், நாயைக் கட்டிப் போடுங்க என்று சொன்னோம். பொழுது இருக்கும்போதே கரை ஏறிவிட்டோம். சந்திரம்மாள் இருந்த காலத்தைவிட முன்னால் முடித்தோம் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை, அதே நேரம்தான் ஆனது. ஒருத்தியும் அழாமல் ஆனது.

இதை எல்லாம் உனக்குப் புத்தி சொல்வதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் பட்டாளத்து முறையை எடுத்து நடவைக் கெடுத்தவள் நான், இப்போது என் நடவை எடுத்து உன் பட்டாளத்தைக் கெடுக்கச் சொல்வேனா? அங்கே எதற்கு எந்தச் சட்டம் என்று உன் உஸ்தாத்துக்குத்தான் தெரியும். பிங்கி கழுத்தில் விசிலை மாட்டினால் உன்னை மூட்டையோடு ஓடவிட்டாலும் விடுவார். ஆனால் போனில் சொன்ன ஒன்றை மட்டும் நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பயப்படாதே என்று சொன்னேன் அல்லவா, அது வேண்டாம். பயப்படு. கை நடுங்கினால் அதை மறைத்துக்கொண்டு கத்தாதே, எனக்கும் நடுங்குது பாருடீ என்று பிங்கியிடம் காட்டு. இந்தி வராவிட்டால் கையை நீட்டினால் போதும். நீ முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் பிந்தியது மட்டும்தான் தெரியும், பக்கத்தில் நடந்தால் அவளுக்கு எங்கே வலிக்கிறது என்றும் தெரியும். அதன் பிறகும் முடியவில்லை என்றால் சொல்லிவிட்டு வா. அதற்காக உன்னை இந்த ஊரில் யாரும் குறைவாகப் பேச நான் விட மாட்டேன், அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நீ கேப்டன் ஆகாவிட்டாலும் எனக்கு ஒன்றும் கம்மி இல்லை. நீ சாப்பிடாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பார்சலில் மல்லாட்டை உருண்டை, முறுக்கு, இஞ்சி மொரப்பா வைத்திருக்கிறேன். வேர்க்கடலை நம் வேடியப்பன் கொல்லையில் விளைந்தது, வறுத்து இடித்தது எழிலரசி. டப்பாவைத் திறந்ததும் முதல் உருண்டையை பிங்கிக்குக் கொடு, அடுத்தது உன்னோடு பேச்சை நிறுத்தியவர்களுக்கு, கடைசியில் நீ எடுத்துக்கொள். இது டீ சட்டம் இல்லை, வாய் நிறைய மல்லாட்டை இருந்தால் யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்ள முடியாது, அதற்காகத்தான். சாக்ஸை ஈரத்தோடு போடாதே. தலைக்கு எண்ணெய் வை. ஞாயிற்றுக்கிழமை போன் கொடுத்தால் முதலில் என்ன சாப்பிட்டாய் என்று சொல், மற்றதைப் பிறகு பேசலாம். அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும் உன் காலுக்கும் உன் கூட நடக்கிற காலுக்கும் துணையாக இருக்கட்டும். நீயும் உன் தோழிமாரும் நோய் நொடி இல்லாமல், நல்ல பசியோடு, நல்ல தூக்கத்தோடு இருக்க வேண்டும் என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முடிக்கிறேன்.

உன் அம்மா,
இரா. கஸ்தூரி

கடிதத்தை ஒட்டப் போகும்போது சரசக்கா வந்தார், உனக்கு ஒரு வார்த்தை எழுதச் சொன்னார். நீ திரும்பி வந்தால் வரிசையில் அவருக்கு அந்தப் பக்கம் உனக்கு இடம் இருக்கிறதாம், யாரையும் கேட்க வேண்டாமாம். ஆனால் விசில் மட்டும் கேப்டனே வந்தாலும் கிடையாதாம்.