அம்மனுக்கு முதுகு காட்டியவள்

அம்மா,

நேற்று நல்ல மழையில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். ஏதோ பத்திரிகையாம். நனைந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். அந்த ஈரக் கம்பளி வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எண்பது வயதாகிவிட்டது என்பதே மறந்து போனது. மழையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து, லயத்து வீட்டு வாசலில் நின்று நீ கம்பளியை உதறும்போது வருமே, அதே வாசனை. அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். பாதி குடித்ததும் அவள் கேட்டாள்.

"உங்க அம்மாவுக்குக் காது கேக்காதுல்ல? நீங்க பாடுறப்போ தொண்டையில கை வச்சுப் பாட்டை உணருவாங்களாமே?"

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றது பொய்" என்றேன். பாவம், அவள் முகம் சுருங்கிவிட்டது. அதை அவள் எழுதிக்கொள்ளவும் இல்லை. அதனால்தான் உனக்கே எழுதுகிறேன். நீ என் தொண்டையில் கை வைத்தது ஒரே ஒரு தடவை. எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, வீக்கம் வடிந்ததா என்று பார்க்க.

நம் வீட்டில் நான்கு பேர். உனக்கும் அப்பாவுக்கும் தம்பிக்கும் காது கேட்காது, பேச்சும் வராது. கேட்டது எனக்கு மட்டும்தான். விடியலில் வேலைக்கு அழைக்கும் தப்பு மேளத்தைக் கேட்டு உங்களை உலுக்கி எழுப்புவது என் வேலை. பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது உங்கள் இருவருக்கும் சேர்த்து "இருக்கோம்" என்று கத்துவதும் என் வேலை. இலங்கை அரசாங்கம் நம் தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்த வருடம் எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு எந்த அதிகாரி வந்து எந்தக் கேள்வி கேட்டாலும், அவர் வாய்க்கும் உன் கைக்கும் நடுவில் நான்தான் நின்றேன். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களில் உன்னை ஊமச்சி என்றார்கள். என்னை ஊமச்சி மகள் என்றார்கள். அந்த ஊமச்சி மகளுக்குப் பாட்டு வந்ததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

நான் பாடுகிறேன் என்பது உனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது நான் வாயைத் திறந்தால் மற்றப் பெண்கள் குடம் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார்கள். நீ என்னைப் பார்க்கவில்லை, அவர்களைப் பார்த்தாய். அன்று முதல் நான் எங்கே பாடினாலும் நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தாய். பாட்டு முடிந்ததும் உன் கை பேசும். "ரெண்டாவது அடியில கடைக்காரர் பீடியப் பத்த வைக்க மறந்துட்டாரு. அது நல்லா இருந்திருக்கு. கடைசியில பிள்ளைக்காரி பிள்ளைக்குத் தலை சீவ ஆரம்பிச்சிட்டா. அங்க நீ என்னத்தையோ கெடுத்திட்ட." நான் போய்ப் பாடிப் பார்ப்பேன். நீ சொன்ன இடத்தில் கட்டாயம் சுருதி விலகியிருக்கும். எனக்கு அந்த வயதில் அழுகை அழுகையாக வரும். காது கேட்கிறவர்கள் எல்லாரும் "அருமை" என்கிறார்கள், நீ மட்டும் குற்றம் கண்டுபிடிக்கிறாயே என்று உன் மேல் எரிச்சலாக இருக்கும்.

எனக்குப் பதினான்கு வயதில் வந்த மாரியம்மன் திருவிழா. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்திருந்தது. அடுத்த மாதம் நானும் கொழுந்துக் கூடை தூக்க வேண்டும் என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து நம் தோட்டத்துக் கிளாக்கரின் தங்கை திருவிழாவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சங்கீத டீச்சர். குரல் பிடித்துவிட்டால் என்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைப்பார் என்று கிளாக்கர் சொல்லியிருந்தார். ஆகவே நான் கூடை தூக்குவதா படிப்பதா என்பது அன்று பாடப்போகும் பாட்டில்தான் இருந்தது.

கோயில் வாசலில் பந்தல். அம்மனுக்கு முன்னால் மேடை, மேடையில் நான். கீழே சனம். முதல் வரிசையில் நீ வழக்கம்போல் திரும்பி உட்கார்ந்திருந்தாய். நான் முதல் அடியை எடுத்ததும் பெரிய கங்காணி எழுந்துவிட்டார்.

"நிறுத்து! ஏய், அந்த ஊமச்சியத் திருப்பி உக்கார வைங்க. அம்மனுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. தோட்டத்துக்கே ஆகாது."

இரண்டு பெண்கள் உன் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். என்ன ஏது என்று தெரியாமல் நீ என்னைப் பார்த்தாய். சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், அந்த டீச்சர் பார்க்கிறார், இதை விட்டால் கூடைதான் என்பதெல்லாம் மறந்தது. மேடையை விட்டு இறங்கினேன். உன் கையைப் பிடித்தேன். சனத்துக்கு நடுவே உன்னை இழுத்துக்கொண்டு பந்தலின் மறுகோடிக்குப் போனேன். அம்மனைப் பார்த்தபடி உன்னை உட்கார வைத்து, உன் பக்கத்தில் நின்று, நானும் அம்மனைப் பார்த்தபடி பாட ஆரம்பித்தேன்.

பாட்டு எங்கே வருகிறதோ அங்கேதானே சனம் திரும்பும்? முதலில் பிள்ளைகள் திரும்பின. பிறகு பெண்கள். அப்புறம் பந்தல் முழுவதும் அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம்மைப் பார்த்து உட்கார்ந்தது. பெரிய கங்காணியும் திரும்பித்தான் நின்றார். அம்மனை நேருக்கு நேர் பார்த்தது நீயும் நானும் மட்டும். பின்வரிசையில் இருந்து யாரோ ஒரு பெண், "கங்காணி, இப்ப யாரு அம்மனுக்கு முதுகக் காட்டுறது?" என்று கேட்டுவிட்டாள். அன்று பாடியதைப் போல நான் அதற்கு முன்னால் பாடியதே இல்லை.

முடிந்ததும் டீச்சர் நேரே நம்மிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாவம், பெத்த தாய்க்கு இதைக் கேட்கக் குடுத்து வைக்கேல்லையே" என்றார். பிறகு என்னிடம், "நல்ல குரல் பிள்ளை. நான் கொண்டுபோய்ப் படிப்பிக்கிறன். ஆனா இந்த வீட்டிலை இருந்தால் பழுதாய்ப் போவாய். விடுதியிலை இருக்க வேணும். உப்பிடிக் கையை ஆட்டிக் கதைக்கிறதை விட வேணும். அம்மா அப்பா அங்கை வர வேண்டாம். மற்றப் பிள்ளையள் பகிடி பண்ணிச் சிரிப்பினம். அம்மாட்டைச் சொல்லு" என்றார்.

நான் உன் பக்கம் திரும்பினேன். இத்தனை வருடம் எத்தனையோ பேர் சொன்னதை உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஒன்றையும் மாற்றியதில்லை. அன்று மாற்றினேன். "என் குரல் போதாதாம். வேண்டாமாம்" என்று கையால் சொன்னேன்.

நீ டீச்சர் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். நடுமண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாய்.

"பாட்டு எனக்குத் தெரியாது. பொய் தெரியும். சரியாச் சொல்லு."

வேறு வழியில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ வர வேண்டாம் என்றதையும் சொன்னேன். நீ நொறுங்கிப் போவாய் என்று நினைத்தேன். நீயோ சிரித்தாய். உன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று உனக்குத் தெரியாதே, பந்தலே திரும்பிப் பார்த்தது.

"வராதேன்னு சொல்ல அவ யாரு? பஸ்ஸு அவங்க அப்பன் வீட்டு பஸ்ஸா? எல்லாத்துக்கும் சரின்னு சொல்லு. நான் வருவேன்."

"அம்மா எல்லாத்துக்கும் சரின்னு சொல்றாங்க டீச்சர்" என்றேன். டீச்சருக்கு ரொம்ப சந்தோஷம்.

வருட முடிவில் பள்ளிக்கூட விழா. நீ ஹல்துமுல்லையில் பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி, பதுளைக்கு வந்து இறங்கியிருக்கிறாய். வழி கேட்க வாயில்லாமல் எப்படி வந்தாய் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. மேடைக்குக் கீழே முதல் வரிசை பெரிய உத்தியோகத்தர்களுக்கு. நான் பாடத் தயாராக நிற்கும்போது நீ உள்ளே வந்தாய். சிவப்புக் கரைச் சேலை, செருப்பில்லாத கால். முதல் வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைத் தூக்கி, திருப்பிப் போட்டு, அந்தப் பெரிய மனிதர்களைப் பார்த்தபடி உட்கார்ந்தாய். மண்டபம் முணுமுணுத்தது. திரைக்குப் பக்கத்தில் இருந்து டீச்சர், "அங்கை பாராதை, பாடு" என்றார்.

பாடினேன். முடித்தேன். கைதட்டினார்கள். அப்போது நான் செய்ததுதான் என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சல் என்று நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதன் மிச்சம். அத்தனை பேருக்கும் முன்னால், நீ திரும்பிப் பார்த்ததும், "எப்படி?" என்று கையால் கேட்டேன். நீ நாற்காலியை விட்டு எழுந்தாய்.

"முதல் பாதியில ஒருத்தரும் அசையல. அப்புறம் நீ பயந்திட்ட. அவங்க கைதட்டுனது மரியாதைக்கு. திரும்பப் பாடு."

யாரிடமும் அனுமதி கேட்காமல் பின்பாதியைத் திரும்பப் பாடினேன். அந்த வருடம் எனக்குப் பரிசு இல்லை. ஒரு பள்ளித் தவணை முழுவதும் மேடையும் இல்லை. ஆனால் விடுதியை விட்டு அனுப்பவில்லை. அடுத்த விழாவில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி யாரும் தொடாமலே திரும்பிக் கிடந்தது. போட்டது டீச்சர்தான். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

எனக்கு இருபதாகும் முன்பே காய்ச்சலில் நீ போய்விட்டாய். அப்படி என்னை விட்டுப் போனதற்கு உன்னை மன்னிக்க எனக்கு நெடுநாள் ஆனது. அதற்குப் பிறகு என்னிடம் உண்மை சொல்ல ஒருவரும் இல்லை. ஊர் ஊராகப் பாடினேன், எல்லாரும் "அருமை" என்றார்கள். ஆகவே உன் வேலையையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று. பாடும்போது நான் கண்ணை மூடுவதில்லை அம்மா. கண்ணை மூடினால்தான் பக்தி என்கிறார்கள், ராக பாவம் என்கிறார்கள். இந்தக் கிழவிக்குத் திமிர் என்று காதுபடவே சொல்கிறார்கள். சொல்லட்டும்.

போன மாதம் பண்டாரவளையில் ஒரு கச்சேரி. நடுவில் அமர்ந்திருந்த தலைமை விருந்தினர் தலையை ஆட்டியபடி கண்ணை மூடி ரசிக்கத் தொடங்கினார். நான் பாட்டை நிறுத்தினேன். மிருதங்கக்காரர் பதறிப் போய் என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியிலேயே சொன்னேன்.

"ஐயா, கண்ணத் திறங்க. எனக்கு உங்க முகம் வேணும்."

அவர் திறந்தார். அதற்குப் பிறகுதான் சரணத்தை எடுத்தேன்.