அஞ்சலை என்று பெயர் வெட்டிய பாட்டுப் பெட்டி

சின்னம்மா,

பாட்டுப் பெட்டி கூடத்தில் பிரித்தபடி கிடக்கிறது. வீடு முழுக்கப் பழைய கிரீஸ் வாசனை. நீ இருந்திருந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டிருப்பாய். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. உன் காரியம் முடிந்ததிலிருந்து எதற்குமே தோன்றவில்லை.

காலையில் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கிராமபோன் பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர். நம்பரை வைத்தே பெட்டியின் வயதைச் சொல்லிவிடுவாராம். விற்பதற்காக அவரைக் கூப்பிடவில்லை. என்னைப் பெற்றவளுக்குக் கல்யாணமான வருஷம் நம் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் சீராகக் கொண்டுவந்த பெட்டியாயிற்றே, இதன் வயது தெரிந்தால் அதுவும் தெரிந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். சுதந்திரம் வந்த மறுவருஷமே போய்விட்டவள். நான் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தேனாம். ஒரு போட்டோகூட இல்லை. அவளுடையது என்று எனக்கு இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான்.

மூடிக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் ‘அஞ்சலை’ என்று அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறதே, அதைப் பார்த்ததும் வந்தவர் சிரித்துவிட்டார். யாரோ பாத்திரக்கடைக்காரர், குடத்துக்கு வெட்டுவதுபோல நம்பர் மேலேயே பெயரை வெட்டியிருக்கிறார். பாதி இலக்கம் அழிந்துவிட்டது. வந்தவர் பலகையைத் தூக்கி, உள்ளே மோட்டாரில் இருந்த நம்பரைத் துடைத்துப் பார்த்தார்.

“சுதந்திரம் வந்து நாலஞ்சி வருஷம் கழிச்சி வந்த நம்பருங்க இது. மோட்டாரும் மாத்தினதில்ல.”

அது நீ அப்பாவுக்கு இரண்டாந்தாரமாகத் தியாகதுருகத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்த சமயம்.

பொங்கலுக்கு எடுத்த புடவையை மூத்தாளுக்குப் படைத்துவிட்டுத்தானே நீ கட்டுவாய். அப்படித்தான் உன் சீரில் ஒரு பொருளையும் அவள் பேர் வெட்டி, அவளுக்கென்று விட்டிருக்கிறாய். நான் எழுத்துக்கூட்டப் பழகிய புதிதில் அந்தப் புள்ளிகளைத் தடவித் தடவிப் படித்துவிட்டு, இது எங்கம்மாவோடதா என்று உன்னிடம் ஓடிவந்து கேட்டேன். நீ அடுப்படியில் இருந்தாய். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாய்.

“ஆமாண்டா. உங்கம்மாதுதான். நீயே வச்சிக்கினு இரு.”

அதற்குப் பிறகு என்னைக் கேட்காமல் நீ அதைத் தொட்டதில்லை. ஒரு பாட்டு கேட்க வேண்டுமென்றால்கூட நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருப்பாய். உன் அப்பா உனக்கு வாங்கிக் கொடுத்த பெட்டி.

பெற்றவளுடையது என்று இருந்த ஒன்றும் இல்லையென்று ஆகிவிட்டது. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன்.

புறப்படும்போது அவர் குழம்பிப்போய்க் கேட்டார். “அப்ப இந்தப் பொட்டி யார்துங்க?”

“எங்கம்மாதுங்க” என்றேன்.

உன்னை நான் அம்மா என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் போய் வெகுநேரம் ஆகிறது. அந்தச் சொல் இன்னும் வாயிலேயே நிற்கிறது.