முற்றத்துக்கு அனுப்பிய நடுக்கோடு

தெரெக்-பெல், ஞாயிறு இரவு

என் பெர்மெத்துக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் தம்பியும் சுகம், ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன, கூரைப் பனி இன்னும் இறங்கவில்லை. நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் உன் பெயரை எழுதியதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன், காலையில் தலைநகருக்கு வண்டி எடுக்கும் துர்துபெக் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவார்.

நேற்று உன் பெரியப்பா சாபிர்பெக் வீட்டில் விருந்து. வட்ட அளவிலான கணிதப் போட்டியில் அவர் பையன் தாலாய் முதலிடமாம். தாலாய்! பின்னத்தைக் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவைக்கிற பிள்ளை. அவன் தோளில் பூப்போட்ட அங்கி, அவனுடைய கணக்கு வாத்தியார் கெங்கெஷ் முன்னால் பெரிய விருந்தாளிக்கு வைக்கும் ஆட்டுத்தலை, ஊரே கை கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. கொழுப்பு வழியும் விரலால் வாத்தியார் விரிப்பில் மூன்று கத்திகளை முக்கோணமாக வைத்தார். இரண்டு பக்கம் பதின்மூன்று, பதினைந்து, மூன்றாவது பக்கத்தின் நடுப்புள்ளிக்கு வரும் நடுக்கோடு ஏழு, பரப்பு என்ன என்பதுதான் கடைசிக் கணக்காம். நாலாவது கத்தியை நடுக்கோடாக வைத்து, அதே நீளத்துக்கு இன்னொன்றை வெளியே நீட்டினார். "பாருங்கய்யா, ஏழும் ஏழும் பதினாலு, இப்ப முக்கோணம் பதின்மூணு பதினாலு பதினஞ்சு, பரப்பு எண்பத்திநாலு, முடிஞ்சுபோச்சு! எனக்கே தோணல. பய என்ன எழுதியிருக்கான் தெரியுமா? இப்போது நடுக்கோட்டை முற்றத்துக்கு அனுப்புவோம்னு எழுதியிருக்கான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்.

கையில் எடுத்த இறைச்சியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டேன் பெர்மெத். முற்றத்துக்கு அனுப்புவது நம் அடுப்படிப் பேச்சு. கல்லூரியில் படித்த கணக்கை உனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது, அறைக்குள் இடம் போதாவிட்டால் கோட்டை முற்றத்துக்கு அனுப்பு என்று நான் சொன்னது. வேறு யாருக்குத் தெரியும்? தாலாயிடம் கேட்டேன், "ஏன்டா, சரியா அதே நீளம் எதுக்கு நீட்டணும்?" அவன் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாக்க அழகா இருக்கும்ல சித்தி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார், அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தச் சிரிப்பில் தெரிந்தது. பெரியப்பா ஆட்டுத்தலையிலிருந்து காதை அறுத்து என் கையில் வைத்தார். அது சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது, சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று. "இந்தாம்மா, காதைத் தின்னு, கேட்டுப் பழகு. கேள்வி கேக்கறது வாத்தியார் வேலை" என்றார்.

பிறகு அடுப்படிக்கு வந்து பெரியப்பாவே சொன்னார், வெட்கமே இல்லாமல். போட்டி நடக்கும்போதே கழிப்பறையிலிருந்து தாலாய் கணக்கைப் படம் எடுத்து உனக்கு அனுப்பினானாம், நீ அரைமணியில் தீர்த்து அனுப்பினாயாம். "நம்ம பொண்ணு தங்கம். ஜூன்ல பொதுத்தேர்வு வருதுல்ல, அதுக்கும் அவ இருக்கா." உன் அப்பா பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டு, "வீட்டுக்குள்ளதானே, அண்ணன் பையன்தானே" என்கிறார். இவர்களோடு ஒரே தட்டில் இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன் என்று அருவருப்பாக இருந்தது. உன்னை நினைத்தும் அப்படித்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

இரண்டாவதாக வந்தது யார் என்று உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டு சைகால். மாகாணப் போட்டிக்கு ஒருவர்தான் போகலாம். அதில் தேறினால் நீ படிக்கும் தலைநகர்ப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்றுதான் இந்தக் குளிர்காலம் முழுக்க ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிய கையோடு அவள் கணக்குப் போட்டாள். நேற்று அந்த விருந்தில் அவள்தான் தேநீர் ஊற்றினாள். கிண்ணத்தை நீட்டும்போது மெதுவாகக் கேட்டாள், "அத்தை, தாலாய்க்கு எப்படி அத்தை அது தோணுச்சு? மூணு மணி நேரம் முக்கோணத்துக்குள்ளயே சுத்தினேன். வெளிய போகலாம்னு எனக்குத் தோணவேயில்ல. நான் மக்குதானா?" ஒரு துளி பொறாமை இல்லை அவள் முகத்தில். அடுப்படியில் விறகு பார்க்கணும் என்று எழுந்துபோனேன். ஆட்டுக்காதை நாய்க்குப் போட்டேன்.

பெரியப்பா மிரட்டினாரா, கெஞ்சினாரா, இல்லை உனக்கே பெருமையாக இருந்ததா, அது எதையும் நான் கேட்கப்போவதில்லை. மாகாணப் போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. வட்டக் கல்வி அலுவலகத்துக்கு உன் கையாலேயே எழுது, அந்தக் கணக்கைப் போட்டது நான் என்று. உன் பள்ளியில் தெரிந்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அந்தப் பயத்தில்தான் இரண்டு நாளாக எனக்குச் சோறு தண்ணீர் இல்லை. அனுப்பினால் வா, உன் படுக்கை விரித்தபடி இருக்கிறது, அப்பா கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீ எழுதவில்லை என்றால் சனிக்கிழமை நானே போய்ச் சொல்வேன். நான் சொன்னால் அது காட்டிக்கொடுத்தது ஆகிவிடும் கண்ணு, நீ சொன்னால்தான் நீ சொன்னதாகும்.

உலர்ந்த தயிர் உருண்டை அனுப்பியிருக்கிறேன், அறைப் பெண்களுக்கும் கொடு. தலையை ஈரத்தோடு கட்டாதே. உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும், மனசையும் சேர்த்து.

உன் அம்மா,
ஜிப்பார்

பொட்டலத்தில் இருக்கும் கம்பளிக் காலுறை நான் பின்னியது இல்லை. பெர்மெத் அக்காவுக்கு அங்கே குளிரும் என்று சைகால் பின்னிக் கொடுத்தாள். அலுவலகத்துக்கு எழுதிய பிறகு போட்டுக்கொள்.